வாங்க ஒரு கடை, உட்கார ஓர் இடம்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் மதுவருந்தும் வெளிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளில் இரண்டாம் ஷிப்ட் வழக்கமாக இரவு பத்து மணிக்கு முடிகிறது. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமாகிய டாஸ்மாக்கின் சில்லறைக் கடைகள் மூடுவதும் அதே பத்து மணிக்குத்தான். உலையடியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் கடைவாசலை அடையும்போது ஷட்டர் இறங்கியிருக்கும். காலை ஷிப்ட் முடித்தவருக்குக் கடை கிடைக்கும். வாங்கிய குவார்ட்டர் பாட்டிலோடு ஒரு மணி நேரம் உட்கார இடம் கிடைப்பதுதான் அரிது. வாடகை அறையில் ஆறேழு பேர் தங்கியிருப்பார்கள். குடும்பத்தோடு இருப்பவர் வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஏரிக்கரை, மதகடி, சவுக்குத் தோப்பு, தண்டவாள ஓரம் என்று ஊருக்குப் புறத்தே ஒதுங்கிக் குடிப்பது வழக்கமாகிவிட்டது. எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு விற்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. வாங்கியவர் எங்கே அமர்வார் என்ற கேள்வியை அந்த விதிகள் பெரும்பாலும் கேட்டதே இல்லை. இதன் பின்னால் எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட சட்ட வரலாறும் ஒரு மாநில எல்லையும் இருக்கின்றன.

கடையை ஒட்டி இருக்கும் ‘பார்’ இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. அதன் உரிமம் இரண்டு வேலைகளுக்காக ஒப்பந்தப்புள்ளி மூலம் தரப்படுகிறது: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில்களைச் சேகரிப்பது. மதுவைக் கடையில் வாங்கிவந்துதான் பாரில் உட்கார வேண்டும். எனவே பார் நடத்துபவரின் வருமானம் தண்ணீர், பிளாஸ்டிக் டம்ளர், அவித்த முட்டை, சுண்டல், ஆம்லெட், போட்டி வறுவல் ஆகியவற்றில் இருக்கிறது. இந்தத் தொடுகறிகளை இப்பகுதியில் சைட் டிஷ் என்றும் டச்சிங்ஸ் என்றும் சொல்வார்கள். உரிமக் காலம் குறுகியது. அடுத்த முறை அது வேறொருவர் கைக்குப் போகலாம். அந்த நிலையில் காற்றோட்டமான கூரை, கழிப்பறை, கழுவும் இடம், நல்ல இருக்கை ஆகியவற்றில் முதல் போட யாருக்கும் மனம் வருவதில்லை. தகரக் கூரையும் ஈரத்தரையுமாகப் பல பார்கள் இருப்பதை நடத்துபவரின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வந்தவர் விரைவாகக் குடித்து எழுந்தால்தான் அடுத்தவருக்கு மேசை காலியாகும். அந்தக் கணக்கில் நிதானமாகக் குடிப்பவர் நட்டம்.

இந்த பார்களின் சட்ட நிலையே உறுதியானதாக இல்லை. மதுவிலக்குச் சட்டத்தின்படி இத்தகைய பார்களை நடத்த மூன்றாம் நபர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் டாஸ்மாக்குக்கு இல்லை என்று சொல்லி, அவற்றை ஆறு மாதத்துக்குள் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது, பார்கள் தொடர்ந்தன. அந்த வழக்கில் அடிப்படையாக நின்ற சட்டத்தின் பெயரே கவனிக்கத்தக்கது. இன்றும் தமிழ்நாட்டில் மது விற்பனை முழுவதும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. குடியை ஒழிக்க எழுதிய சட்டத்தில் விலக்குகளைச் சேர்த்துச் சேர்த்து வாணிபம் கட்டப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு விலக்குத் தர அச்சட்டத்தில் இடம் கண்டார்கள். குடிப்பவர் கௌரவமாக உட்காரும் ஓர் அறையைக் கற்பனை செய்ய அதில் இடமிருக்கவில்லை.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் அது பரவியது. இழந்த ஆயத்தீர்வையை ஈடுகட்டவே 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கிழக்கே திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஆகவே 1938-இல் திருத்தணியில் கள்ளுக்கடை மூடியபோது, சில மணி நேர நடைதூரத்தில் கடைகள் திறந்தே இருந்தன. எல்லை தாண்டிக் குடிக்கப் போகும் வழக்கத்துக்கு இப்பகுதியில் இவ்வளவு வயதாகிறது. போர்க்காலத்தில் 1943-இல் நிறுத்தி வைத்த மதுவிலக்கு 1946-இல் மீண்டும் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுமைக்கும் வந்தது.

அப்போது மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை கள்ளுக்கடையும் சாராயக்கடையும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது பெரும் பிழை. சாராயம் வடிப்பது, கள் தானே புளிப்பது. பனம்பாளையின் சாறு இறங்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். அதன் போதை ஏறத்தாழ பீர் அளவே. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் புளிப்பேறிக் குடிக்க முடியாமல் போகும். அன்றன்று இறக்கி, இறக்கிய ஊரிலேயே, அன்றைக்கே குடித்துத் தீர வேண்டிய பானம் அது. அதனால் கள்ளுக்கடை மரத்துக்கு அருகில், ஓலைக்கூரைக்குக் கீழே, தெரிந்த முகங்களுக்கு நடுவே அமைந்தது. பழவேற்காடு முதல் பொன்னேரி வரையான கடலோரப் பனங்காட்டுப் பகுதியில் கருவாடும் சுட்ட மீனும் அதற்குத் துணை. அங்கே குடித்துச் சீரழிந்த குடும்பங்கள் உண்டு. கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்ட பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும், அவர்களைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோரும் காரணமில்லாமல் தெருவுக்கு வரவில்லை. ஆனால் உட்கார்ந்து, பேசி, தின்று, மெதுவாகக் குடிக்கும் ஓர் இடமாக எளியவர்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்த இடம் பின்னர் நிலைக்கவில்லை. 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தது. 1973, 1974 ஆண்டுகளில் படிப்படியாக மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி அனுமதி தந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் உருவானது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் மீண்டும் தடைசெய்யப்பட்டன. அதன்பின் தமிழ்நாட்டில் சட்டப்படி கள் இறங்கவே இல்லை. மலிவு விலை மது சிறிது காலம் வந்து 1991-இல் போனது. தனியார் ஏலத்தில் எடுத்து நடத்திய ஒயின்ஷாப்புகளை 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு டாஸ்மாக்கின் கீழ் கொண்டுவந்தது. கடை அரசிடம் போய் இருபது ஆண்டுக்கு மேலாகியும் ‘ஒயின்ஷாப்’ என்ற பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. 2003-04-இல் மது மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் 3,639 கோடி ரூபாய். 2022-23-இல் அது சுமார் 44,121 கோடி. இவ்வளவு பெரிய வளர்ச்சியின் எந்தக் கட்டத்திலும் குடிப்பவரின் இருக்கை கொள்கையாகப் பேசப்படவில்லை.

பக்கத்து மாநிலமான கேரளம் கள்ளை விடவில்லை. அங்கே கள்ளுஷாப் என்றால் மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். கள்ளைத் தொடாதவரும் சாப்பாட்டுக்காகப் போகும் கடைகள் உண்டு. தமிழ்நாட்டில் கள் இயக்கத்தின் செ. நல்லசாமி போன்றோர் பல ஆண்டுகளாகத் தடையை நீக்கக் கோருகின்றனர். அவர்கள் முன்வைப்பது பெரும்பாலும் உழவர் வருமானம், உணவுரிமை சார்ந்த வாதம். அமரும் இடம் பற்றிய வாதமும் அதே அளவு வலுவானது. அதை யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை.

வசதி படைத்தவருக்கு இடப் பிரச்சினை இல்லை. நட்சத்திர விடுதிகளுக்கும் மன்றங்களுக்கும் தனித்தனி உரிமங்கள் உண்டு. வெள்ளையர் காலத்து கிளப்புகளுக்கு ஏற்ற உரிம வகை இன்று ‘மனமகிழ் மன்றம்’ என்ற பெயரில் சிற்றூர்ச் சாலைகள் வரை வந்திருக்கிறது. விதிப்படி அங்கே உறுப்பினரும் அவர் அழைத்துவரும் விருந்தினருமே குடிக்கலாம். குளிரூட்டிய அறையும் உணவும் கிடைக்கும். நாட்கூலிக்காரருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. சென்னை வணிக வளாகங்களில் டாஸ்மாக் திறந்த ‘எலைட்’ கடைகளும் வாங்குவதை வசதியாக்கினவே தவிர உட்கார இடம் தரவில்லை.

திருவள்ளூருக்கென்று உள்ள தனிக் கூறு எல்லைதான். சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. கள் இறக்கும் தொழிலோடு தொடர்புடைய கிராமணி சமூகத்தில் பிறந்தவர் ம.பொ.சி. அந்தப் போராட்டத்தின் விளைவாக அமைந்த எல்லை, பிற்காலத்தில் குடிப்பவர்களின் போக்குவரத்தையும் தீர்மானிக்கும் கோடானது. இன்று ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் நாகலாபுரம் சாலை. பள்ளிப்பட்டைச் சுற்றிலும் ஆந்திர ஊர்கள். இரு மாநிலங்களின் மதுக் கொள்கையும் பல காலம் ஒன்றுபோல் இருந்ததில்லை.

எல்லைக்கு வடக்கே நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா சிற்றூரில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் 1992-இல் சாராயக்கடையை மூடவைத்தனர். அது மாநிலம் தழுவிய இயக்கமாயிற்று. 1993-இல் ஆந்திரம் சாராயத்தைத் தடைசெய்தது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கை அறிவித்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு அதைத் தளர்த்தும் வரை குடிப்பவர்கள் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். 2019 அக்டோபரில் ஜெகன்மோகன் அரசு சில்லறைக் கடைகளைத் தானே ஏற்று, விலையை உயர்த்தி, கடையோடு ஒட்டிய ‘பெர்மிட் ரூம்’ என்னும் குடிக்கும் அறைகளையும் எடுத்துவிட்டது. 2020 மே மாதத் தொடக்கத்தில், ஊரடங்கின் நடுவே, ஆந்திரம் முதலில் கடை திறந்தபோது திருவள்ளூர், வேலூர் எல்லை ஊர்களிலிருந்து மக்கள் வயல்வரப்பு வழியே நடந்துபோய் வரிசையில் நின்றார்கள். தமிழ்நாடு மே 7 அன்று திறந்து, உயர் நீதிமன்ற ஆணையால் உடனே மூடி, உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தபின் மே 16 அன்று மறுபடி திறந்தது. 2024 அக்டோபரில் ஆந்திரம் தனியார் கடைகளுக்குத் திரும்பியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எல்லைச் சாலைகளில் போக்குவரத்தின் திசை மாறியதே தவிர, போக்குவரத்து நின்றதில்லை. குடிக்கப் பத்து கிலோமீட்டர் போனவர் குடித்துவிட்டு அதே பத்து கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம். சரக்கு லாரிகள் இரவு முழுதும் ஓடும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டியில் வரும் அந்தப் பயணம் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து.

நெடுஞ்சாலைக் கடைகளைப் பற்றி உச்ச நீதிமன்றமே பேச நேர்ந்தது. பா.ம.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. சிறிய ஊர்களுக்கு அத்தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. விபத்தைத் தடுக்கும் நோக்கம் மிக நியாயமானது. ஆனால் சாலையோரத்திலிருந்து எடுத்த கடைகளை ஊருக்குள்ளும் வயலோரத்திலும் வைக்க முயன்றபோது மாநிலம் முழுதும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கடை எங்கே என்பதைப் பற்றி மட்டுமே யோசித்ததன் விளைவு அது.

தொழிற்பேட்டை, எல்லை, அரசே மது விற்பது ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடிய இன்னொரு வரலாறு பிரிட்டனில் உண்டு. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் பெரும் வெடிமருந்து ஆலை எழுந்தது. பல்லாயிரம் கட்டடத் தொழிலாளர்களும் பின்னர் பெண் தொழிலாளர்களும் வந்து குவிந்தனர். அருகிலிருந்த கார்லைல் நகரில் குடித்துத் தகராறு செய்ததற்கான வழக்குகள் வெகுவாக உயர்ந்தன. 1916-இல் அரசு அங்கிருந்த மதுவாலைகளையும் மதுக்கூடங்களையும் விலைக்கு வாங்கியது. தமிழ்நாட்டைப் போலவே அங்கும் சில்லறை விற்பனை அரசின் கைக்குப் போயிற்று. அதற்குப்பின் அவர்கள் செய்தது வேறு. பல கூடங்களை மூடினார்கள். எஞ்சியவற்றை விரிவுபடுத்தி, நல்ல வெளிச்சம் வைத்து, சூடான சாப்பாடு போட்டார்கள். மேலாளருக்கு மது விற்பனையில் தரகு இல்லை. உணவிலும் மதுவல்லாத பானங்களிலும்தான் தரகு. பின்னாளில் ஹாரி ரெட்ஃபர்ன் என்ற கட்டடக் கலைஞர் அரசுக்காகப் புதிய மதுக்கூடங்களை வடிவமைத்தார். புல்வெளியில் பந்து விளையாடும் இடமும் சில கூடங்களோடு சேர்ந்தது. 1973 வரை அந்த ஏற்பாடு நடந்தது. குடியைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் நல்ல இருக்கை போட்டார்கள் என்பது இங்கே முக்கியம். குவார்ட்டரை நின்றபடியே இரண்டு மிடறில் விழுங்குவதும், சாப்பாட்டோடு ஒரு மணி நேரத்தில் குடிப்பதும் உடலுக்கு ஒன்றல்ல.

சமய மரபும் சட்டமும் குடியை ஏற்காத ஊர்களில் இடம் ஒதுக்குப்புறம் போவது உலகெங்கும் நடப்பதுதான். மொராக்கோவின் பழைய தலைநகரான ஃபெஸ்ஸில், மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரில் மதுக்கூடம் மிக அரிது. பிரெஞ்சு ஆட்சியில் மதிலுக்கு வெளியே கட்டிய புதிய ஊருக்குத்தான் குடிப்பவர்கள் போகிறார்கள். முஸ்லிம்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1967-ஆம் ஆண்டு ஆணை அங்கே உண்டு. பக்கத்து மெக்னெஸ் பகுதியிலோ பெரும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. சட்டமும் வழக்கமும் விலகி நிற்கும் ஊரில் வழிப்போக்கருக்கு அமைதியான ஒரு மேசை கிடைப்பதற்கு உள்ளூர்த் தெரிந்தவர் வேண்டும். சிப்காட்டுக்குப் புதிதாக வரும் தொழிலாளியின் நிலையும் இதுவே.

அவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வருபவர்கள். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. மொழி தெரியாத ஊரில், பாரில் ஒரு வாய்த்தகராறு வந்தால் தன் பக்கம் பேச ஆளில்லை என்று அவர்கள் ஒதுங்கிக் குடிப்பது இயல்பு. பொது இடத்தில் குடிப்பதும் போதையில் இருப்பதும் குற்றம் என்பதால் ஏரிக்கரையில் எப்போதும் ஓர் அச்சம் கூடவே இருக்கிறது. பத்து மணிக்குப் பின் வருபவருக்கோ சந்துக்கடைதான் கதி. கடையில் வாங்கி வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பவரிடமிருந்து கள்ளச்சாராயக்காரரிடம் போவதற்கு அதிக தூரம் இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர் 60-க்கும் மேல். மெத்தனால் ஆலைகளுக்கு வேண்டிய சாதாரண கரைப்பான். தொழிற்பேட்டைகள் உள்ள மாவட்டத்தில் அதன் நடமாட்டத்தைக் கண்காணிப்பது தனிப் பொறுப்பு.

பெண்களுக்கு இந்த வெளியில் இடமே இல்லை. சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் மாலையில் நடந்துவரும் வழியில் பார் இருந்தால் சுற்றி நடக்கிறார்கள். 2023 ஜூன் 22 அன்று மாநிலம் முழுதும் 500 கடைகள் மூடப்பட்டன. 5,329 என்றிருந்த எண்ணிக்கை 4,829 ஆயிற்று. பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகிலிருந்த கடைகளை எடுத்ததில் நிம்மதி அடைந்தவர்கள் பலர். கடை குறைந்த இடத்தில் எஞ்சிய கடையின் வாசலில் கூட்டம் கூடுவதும், கூட்டம் பக்கத்துத் தோப்புக்குள் பரவுவதும் அதன் மறுபக்கம்.

தோப்பில் குடித்த பாட்டில் தோப்பிலேயே உடைகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அக்கறையால் 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டத்தில், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள். பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. மலைக்காட்டில் யானையின் காலைக் காக்க எழுந்த யோசனை சமவெளிக்கும் அதே அளவு பொருந்தும். பாருக்குள் குடித்த பாட்டில் சாக்கில் சேர்ந்துவிடும். இடமில்லாமல் வெளியே குடித்ததன் சில்லுகள் ஏரியின் கலங்கல் வழியே வயலுக்குப் போய், சேற்றில் நாற்று நடும் பெண்களின் பாதத்தில் ஏறுகின்றன.